அப்பாவின் ஹெர்குலிஸ்: புது வண்ணம் அடிப்பதா, இருக்கிறபடியே ஓட்டுவதா?

கேள்வி (பாபநாசம் வட்டத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வீட்டைத் தை மாதத்திற்குள் விற்றுவிடுவதென்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. அதற்காகக் கொல்லைக் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, மாட்டுத் தீவனச் சாக்குகளுக்கும் கால் ஒடிந்த கயிற்றுக் கட்டிலுக்கும் பின்னால், சுவரில் சாய்ந்தபடி அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அது அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கைப்பிடியைத் தொட்டு வெளியே இழுத்தபோது கை நடுங்கிவிட்டது.

அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1969இல் வேலையில் சேர்ந்த ஆண்டில் வாங்கிய வண்டி அது. கறுப்பு நிறம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், 28 அங்குலச் சக்கரம். குடமுருட்டிக் கரையோரமாகப் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர் என்று 2003இல் ஓய்வு பெறும்வரை அதிலேதான் பள்ளிக்குப் போய்வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு முழுச் செயின் கவர் இல்லாமல் முடியாது என்பார். அந்தக் கவரின் மேல் கும்பகோணத்துப் பெயிண்டர் ஒருவர் வெள்ளை எழுத்தில் அப்பாவின் முதலெழுத்துகளையும், அதன் கீழே ‘ஆசிரியர்’ என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் 1987இல், ஒன்பதாவது வயதில், இந்த வண்டியில்தான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். குறுவை அறுப்பு முடிந்து களம் காலியாகக் கிடந்த நாட்கள் அவை. இடக்கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையைச் சீட்டின் மேல் போட்டு அக்குளில் இறுக்கிக்கொண்டு, வலக்காலைப் பாருக்குக் கீழே உள்ள முக்கோணத்திற்குள் நுழைத்து அந்தப்பக்கத்துப் பெடலை மிதிக்க வேண்டும். உடம்பு இடப்பக்கம் வெளியே தொங்க, வண்டி வலப்பக்கம் சாய்ந்துகொண்டு, இரண்டும் ஒன்றையொன்று தாங்கியபடி போகும். முழுச் சுற்று வராது. பெடலைப் பாதி மிதித்து, பின்னுக்கு இழுத்து, மறுபடியும் பாதி மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பின்னுக்கு இழுக்கும்போதும் ஃப்ரீவீல் ‘கிர்ர்’ என்று சுற்றும். செயின் கவரின் விளிம்பு உரசி வலது கெண்டைக்காலில் ஏற்பட்ட வடு இன்றும் எனக்கு இருக்கிறது. பாருக்கு மேலே ஏறி முழுப் பெடல் போட எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாததால், பாரின் மேலேயே இப்பக்கமும் அப்பக்கமும் இடுப்பை அசைத்து அசைத்து ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. முதலில் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி, கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒற்றிய துணி என்று அப்பா வரிசை வைத்திருந்தார். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, பிரேக் பிடிக்காது என்பார். ஆயுத பூஜையன்று மட்கார்டிலும் கைப்பிடியிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மணியின் மேல் ஒரு முழம் கதம்பம் சுற்றி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். சாயங்காலம் வாசலில் ஸ்டாண்டு போடும் ‘டணக்’ என்ற சத்தம் கேட்டதும் அம்மா காப்பிக்கு அடுப்பில் பால் வைப்பாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டின் கடிகாரம்.

இப்போது வண்டியின் நிலை: இரண்டு டயர்களும் வெடித்து நார் தெரிகிறது. தோல் சீட் காய்ந்து நடுவில் கிழிந்திருக்கிறது. ரிம்மிலும் கைப்பிடியிலும் துரு. இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) அசையவில்லை. ஆனால் சட்டத்தில் கறுப்பு வண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மட்கார்டின் ஓரத்தில் இழுத்த பொன்னிறக் கோடுகூடப் பாதிக்கு மேல் தெரிகிறது. செயின் கவரில் ‘ஆசிரியர்’ என்பதில் ‘ஆ’ மங்கிவிட்டது, மற்றவை படிக்க முடிகிறது.

அண்ணன் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். அவருக்கு அந்த வண்டியின் மேல் பாசம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அப்பா இறந்த ஆறு வருடங்களாக அவர் எதையும் திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை. கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டபோது, மூன்றே நாளில் பழைய வண்ணத்தை முழுவதும் உரித்து, பவுடர் கோட்டிங் செய்து, ‘ஷோரூம் வண்டி மாதிரி’ தருகிறேன் என்கிறார்கள். எனக்குத் தேவை ஷோரூம் வண்டியா என்பதில்தான் குழப்பம். புது வண்ணம் அடிக்கலாமா, இருக்கிறபடியே ஓடவைக்க முடியுமா? ஓடவைப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (திருச்சி, சைக்கிள் கடை)

தம்பிக்கு வணக்கம். நாற்பது வருடமாகச் சைக்கிள் வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த வண்டிக்குப் புது வண்ணம் தேவையில்லை. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலைதான் இங்கே ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. பெயர் மட்டும் அதற்கும் முந்தியது, 1910இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனியின் பெயர். அந்தக் காலத்து வண்டிகளின் எனாமல் எவ்வளவு உழைக்கும் என்பதற்கு, இருபது வருடம் கொட்டகையில் கிடந்தும் உங்கள் சட்டத்தில் கறுப்பு நிற்பதே சாட்சி. அதை உரித்தால் அதோடு அந்தப் பொன்னிறக் கோடும் போகும். அந்தக் கோடு ஸ்டிக்கர் இல்லை, மெல்லிய தூரிகையால் கையால் இழுத்தது. இப்போது அப்படி ஒரே மூச்சில் கோடு இழுக்கிற கை எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இல்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அவசரப்பட்டு எதையும் முறுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து, சீட் தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடம், கைப்பிடித் தண்டு, இரண்டு கிராங்கையும் அச்சோடு பிணைக்கும் காட்டர் பின், அச்சு நட்டுகள் எல்லாவற்றிலும் ஊற்றி, மூன்று நாள் விடுங்கள். தினமும் மறுபடி ஒருமுறை ஊற்றுங்கள். இரும்போடு மல்லுக்கு நிற்பதைவிட எண்ணெயை வேலை செய்ய விடுவது நல்லது.

இடது கிராங்க் அசையவில்லை என்றீர்கள். காட்டர் பின்னை எடுக்கும்போதுதான் பெரும்பாலான பழைய வண்டிகள் கெடுகின்றன. நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், மரையின் முனையோடு சமமாக நிற்கும்படி தளர்த்துங்கள். அது மரை நசுங்காமல் காக்கும். பிறகு கிராங்குக்கு அடியில், பின் இறங்குவதற்கு வழி விட்டு, ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸில் (இரும்புக் குண்டுகளில்) இறங்கி, கப்பில் குழி விழுந்துவிடும். அப்புறம் எத்தனை கிரீஸ் வைத்தாலும் பெடல் ‘கடக் கடக்’ என்றே இருக்கும். முட்டுக் கொடுத்த பிறகு சிறு சிறு தட்டாகப் பத்துத் தட்டுத் தட்டாமல், கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக அடிக்க வேண்டும். நான் தொழில் பழகிய முதல் வருடத்தில் ஒரு விவசாயியின் வண்டியில் முட்டுக் கொடுக்காமல் அடித்து, அச்சைக் கெடுத்து, மாதச் சம்பளத்தில் பாதியை அதற்கே கொடுத்தேன். அந்த முகம் இன்றும் நினைவிருக்கிறது.

புதுப் பின் போடும்போது இரண்டு பின்களின் தட்டைப் பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது ஒரு கால் நொண்டும். இடது பெடலைக் கழற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அதற்கு மரை தலைகீழ். மற்ற மரைகளை இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் அது கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் குழாயைச் செருகி, எதிர்த்திசையில் தம் பிடித்துத் திருப்பி, கிராங்கை வளைத்தவர்கள் அநேகம்.

உள்ளே இருக்கும் பால்ஸை எடுத்து வைக்கும்போது கலக்காமல் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பி.பி.யிலும் (கிராங்கின் அச்சு சுற்றுகிற இடம்) பின் ஹப்பிலும் கால் அங்குலக் குண்டு. முன் ஹப்பில் அதைவிடச் சிறியது. கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, குண்டைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தால் பழையதையே போடலாம். புள்ளி விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

டயர் வாங்கும்போது ‘28 சைஸ்’ என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 28 × 1½ வேண்டும். புது டயரின் பக்கவாட்டில் 635 என்று அச்சிட்டிருக்கும். 622 என்று இருப்பதும் 28 என்றே விற்கிறது, ஆனால் அது உங்கள் ரிம்மில் ஏறாது. ரிம்மின் துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம். சாப்பாடு பொதிகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வந்துவிடும், குரோமியத்தில் கீறல் விழாது. போக்ஸ் கம்பி எண்ணிப் பாருங்கள்: பின்னால் 40, முன்னால் 32 இருக்க வேண்டும். பாரம் பின்னால் இறங்குவதால் அப்படி. உடைந்தவற்றை மட்டும் மாற்றிவிட்டு, சக்கரத்தின் கோட்டம் எடுப்பதை ஒரு பழைய கையிடம் விடுங்கள். அதை எழுத்தில் சொல்லித்தர முடியாது.

கடைசியாக ஒன்று. வண்டியைத் துடைத்த பிறகு, பாரின் மேல் சீட்டுக்கு முன்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்பு உங்களை அப்பா பாரில் குட்டிச் சீட் வைத்து உட்காரவைத்திருந்தால், அந்தச் சீட்டின் கிளாம்பு வண்ணத்தில் இரண்டு வளையம் பதித்திருக்கும். என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த வளையம் இருக்கும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் முதலில் அழிவது அதுதான்.

பதில் 2 (நாகப்பட்டினம்)

நான் மாறான கருத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரம்தான். எனது பழைய வண்டியை வண்ணம் அடிக்காமல் இரண்டு வருடம் ஓட்டினேன். மேலே பார்க்க நன்றாகவே இருந்தது; ஆனால் உப்புக் காற்றில் வண்ணத்தின் விரிசல்களுக்குள் துரு ஓடி, பின் ஃபோர்க் குழாய் சட்டத்தோடு சேரும் இடம் அரித்துப்போயிற்று. பற்றவைத்து, முழுக்க உரித்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்பு அடித்தோம். இன்று என் மகள் அதில்தான் தினமும் பள்ளிக்குப் போகிறாள். நினைவைக் கொட்டகையில் காப்பதைவிட, ஓடுகிற வண்டியாகக் காப்பது எனக்குச் சரியாகப்பட்டது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. முன்பக்கம் கைப்பிடிக்குக் கீழே இருந்த பித்தளைச் சின்னத்தை வண்ணம் அடித்த கடையில் கழற்றி எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டார்கள். நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், கடையில் விடுவதற்கு முன்னால் சின்னம், மணி, பூட்டு, டைனமோ எல்லாவற்றையும் நீங்களே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் அடியில் தட்டியிருக்கும் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் ஆற்றங்கரை, கடற்கரை இல்லை. எனவே பதில் 1இல் ஐயா சொல்வது உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஆனால் சீட் தண்டைக் கழற்றியவுடன் குழாயின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓசை வர வேண்டும். ஓசை அமுங்கினால், பாசம் பார்க்காமல் வண்ணத்தை உரித்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பதில் 3 (புதுக்கோட்டை)

சகோதரருக்கு வணக்கம். வண்ணம், துரு பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஐயா பாரின் வளையத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது இயக்கத்தின் பாடங்களில் ஒன்றாகவே ஆயிற்று. மாவட்டம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டோம். கல்குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், களை எடுக்கிறவர்கள், ஆசிரியைகள், பூ விற்கிறவர்கள் என்று யாரும் பாக்கி இல்லை. அதுவரை எங்கள் தெருவில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் வாசலுக்கு வாசல் ஆள் நின்று பார்க்கும். ஓரிரு வருடத்தில் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அத்தனை பேருக்கும் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. அதனால் அப்பாவின் வண்டி, அண்ணனின் வண்டி, வாடகைக் கடை வண்டி என்று கைக்குக் கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினோம். நான் பழகியதும் என் தாய்மாமாவின் கறுப்பு வண்டியில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாரைத் தாண்டிக் காலைப் போட முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பழகிய பிறகு எங்களில் பலர் பார் உள்ள வண்டியே வேண்டும் என்று கேட்டார்கள். காரணம் அந்த வளையம்தான்: பார் இருந்தால் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொள்ளலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் பிள்ளை. பிள்ளையின் தலை நமது மோவாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய் வாசனை வரும். மணியை அடிக்கும் வேலையை அதுவே எடுத்துக்கொள்ளும். என் மகனையும் மகளையும் அப்படித்தான் பால்வாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். பேருந்துக்காகக் காத்திருந்த காலை நேரங்கள் எல்லாம் என் கைக்குத் திரும்பி வந்தன.

மகள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அரசின் விலையில்லா மிதிவண்டி அவளுக்குக் கிடைத்தது. அதில் பார் இல்லை. அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை, எண்ண வேண்டியதும் இல்லை. ஆனால் மாமாவின் வண்டியை அவர் பிள்ளைகள் விற்றபோது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இருந்த சேமிப்பைக் கொடுத்து நானே வாங்கியிருப்பேன். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், சகோதரரே. வண்டி அப்பாவுடையது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அதன் கதை அம்மாவிடமும் இருக்கும்.

பதில் 4 (ரொறன்ரோ, சொந்த ஊர் யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கள் வீட்டில் நின்றது அப்பாவின் றலி (Raleigh) சைக்கிள். முன் பற்சக்கரத்திலேயே கொக்குத் தலை வெட்டியிருக்கும். சிறுவயதில் அந்தத் தலைகளைத்தான் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா ஒவ்வொரு வருடமும் லைசென்ஸ் எடுத்து, அந்தச் சின்னத் தகட்டைத் துடைத்துப் பூட்டுவார்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியபின் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோலுக்குத் தடை. ஐந்து வருடங்கள் யாழ்ப்பாணம் முழுவதும் துவிச்சக்கரவண்டியில்தான் ஓடியது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, மணப்பெண் எல்லாம் அதில்தான். இரவில் ஜாம் போத்தல் விளக்கு; செய்தி கேட்பதற்கு றலியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரை வானொலியில் கொடுத்து, நான் பெடலைக் கையால் சுற்றுவேன். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அடங்கிவிடும், அப்பா ‘சுத்து, சுத்து’ என்பார். பக்கத்து வீட்டுச் சனமும் முற்றத்தில் குந்தியிருந்து கேட்கும். எனக்குப் பத்து வயது. கை உளைந்தாலும் நான் நிறுத்தினதில்லை, ஏனென்றால் நான் சுற்றினால்தான் உலகம் பேசும் என்று நினைத்திருந்தேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரும் அடங்கிய வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்த வண்டியில் அரிசி, பாய், அம்மம்மாவின் மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் கட்டி, மழைக்குள், ஏறாமல் தள்ளிக்கொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். சனத்தின் நெருக்கத்தில் ஒரு அடி வைக்க எத்தனையோ நிமிடம் ஆனது. அடுத்த வருடம் சாவகச்சேரியிலிருந்து கிளாலியால் வன்னிக்குப் போகும்போது படகில் வண்டிக்கு இடம் இல்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டு விறாந்தையில் பூட்டி, திறப்பை அப்பா மடியில் செருகிக்கொண்டார். அந்தத் திறப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டி இல்லை.

உங்களிடம் வண்டியே இருக்கிறது. டைனமோ இருந்தால் அதைக் கழற்றிப் பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள். அநேகமாக 6 வோல்ட், 3 வாட் வகையாக இருக்கும். மேலே சுழலும் தலையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, கையால் சுற்றிச் சுற்றி இளக்கி, வயரின் முனைகளைச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். முப்பது வருடம் சும்மா கிடந்ததும் வெளிச்சம் தந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாவியைப் பற்றி எழுதியிருந்த பதிலை மட்டும் அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

சீட் தண்டு நான்காம் நாள் அசைந்தது. குழாயின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பூச்சாக இருந்த துருவைத் தவிர அரிப்பு இல்லை, தட்டினால் எங்கும் ஒரே ஓசை. அதன் பிறகு வண்ணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காட்டர் பின்னுக்குக் கொட்டகையிலேயே கிடந்த அடிபம்புக் குழாயின் துண்டை முட்டுக் கொடுத்தேன். மூன்றாவது அடியில்தான் இறங்கியது. ஒரே அடி என்று சொன்னவர் மன்னிக்க வேண்டும், முதல் இரண்டு அடியில் எனக்குத் துணிச்சல் வரவில்லை. பி.பி.யின் குண்டுகளில் நான்கு மட்டும் புள்ளி விழுந்திருந்தன, மொத்தமாக மாற்றினேன். பின் சக்கரத்தில் மூன்று கம்பி புதிது. டைனமோ இரண்டாம் நாள் இளகியது, விளக்கு எரிகிறது.

பாரைத் துடைத்தபோது வளையம் இருந்தது. இரண்டு அல்ல, நான்கு. சீட்டுக்கு அருகே ஒரு ஜோடி, அதற்கு ஒரு சாண் முன்னால் இன்னொரு ஜோடி. எனக்கு விளங்கவில்லை. அம்மாவைக் கொல்லைக்குக் கூட்டிவந்து காட்டினேன். அவள் குனிந்து, விரலால் பின் ஜோடியைத் தொட்டு, ‘இது உங்க அண்ணன் ஒண்டியா இருந்தப்ப’ என்றாள். எனக்கும் அண்ணனுக்கும் மூன்று வயது வித்தியாசம். நான் பிறந்து உட்காரத் தொடங்கியதும், குட்டிச் சீட்டைக் கழற்றி ஒரு சாண் முன்னே நகர்த்தி என்னை அதில் வைத்து, அண்ணனைப் பின்னால் வெறும் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்து, அப்பா எங்கள் இரண்டு பேரையும் பாபநாசம் சந்தைக்குக் கூட்டிப்போவாராம். கேரியரில் அம்மா. நாங்கள் நான்கு பேரும் அந்த ஒரே வண்டியில் போயிருக்கிறோம் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சென்னையிலிருந்து வந்து நின்றார். நேரே கொல்லைக்குப் போய், சட்டைக் கையை மடக்கிவிட்டு, பின் வளையத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, முன் பிரேக் கட்டை ஒரு பக்கம் ரிம்மைத் தொடவில்லையே, அதைப் பார்த்தாயா என்று கேட்டு, ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கட்டை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கம்பி பிரேக்குக்கான கட்டை கும்பகோணத்தில் கிடைக்கவில்லை. திருச்சி ஐயாவிடம் இருப்பு இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த சனிக்கிழமை நானும் அண்ணனும் வண்டியோடு நேரில் வருகிறோம். கோட்டமும் உங்கள் கையாலேயே எடுத்துத் தர வேண்டும்.